கண்ணடி

வூச் என்ற பெயருக்குப் போலந்து மொழியில்
படகு என்று பொருள்.
ஆற்றைக் குழாயில் அடைத்துவிட்டு
அதன்மேல் டிராம் ஓட்டுகிறார்கள்.
சாய ஆலைகள் இருந்த நாளில்
கிழமைக்கொரு நிறத்தில் ஓடியதாம் அது.
போக்னா கென்ஜோரா பார்த்ததில்லை.
அவளுடைய சாயம்
ஒரு குப்பியின் அடியில் கடுகளவு,
அலுமினியத்தாள் சுற்றி, உறைபெட்டியில்.

கறுப்புத் திரையை இழுத்து மூடுகிறாள்.
கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறாள்.
முப்பத்தேழு டிகிரி வெதுவெதுப்பில்
கண்ணாடித் தட்டில் ஒட்டிக் கிடக்கின்றன
யாரோ ஒருத்தியின் கணையத்தில் கிளைத்த செல்கள்.
பெண், ஐம்பத்தெட்டு, எண் எழுபத்து மூன்று.
கையெழுத்திட்டுக் கொடுத்தவள்
போன டிசம்பரில் இறந்துபோனாள்.
செல்களுக்குச் சொல்வார் இல்லை.

இழைமணி என்கிறோம் நாம்.
இழையும் மணியுமாய்
ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் நெளிபவை.
நூற்பாலை ஊர்க்காரிக்கு இந்தச் சொல்லை
யாராவது சொல்லியிருக்கலாம்.

மின்னழுத்தம் உள்ள இழைமணிக்குள்
சாயம் முண்டியடித்துப் போகும்.
நெருங்கி நின்றால் சிவப்பு.
அழுத்தம் போனால்
தேர் நிலைக்கு வந்த தெரு மாதிரி கலைந்து
ஒற்றை ஒற்றையாய், பச்சை.
பச்சை என்றால் இங்கே செழிப்பல்ல,
அடுப்பு அணைந்த வீடு.
புற்றுச் செல்லின் அடுப்போ எளிதில் அணைவதில்லை.
அதை அணைக்கத்தான்
பேராசிரியர் ஸ்குப்னியெவ்ஸ்கியின் புது மருந்து.

வெள்ளிக்கிழமை அது நடந்தது.
மருந்து விட்ட இருபதாம் நிமிடம்
ஒரு செல்லின் ஓரத்தில் முதலில்,
பிறகு ஈரத்துணியில் மை ஊறுவதுபோல்
சிவப்பெல்லாம் பச்சை.
இமைக்காமல் பார்த்தாள்.
நொடிக்கொரு படம், லேசர் முழு வீச்சில்,
ஆயிரத்து இருநூறு படங்கள்.
அத்தனையும் அழகு.
பேராசிரியரிடமிருந்து ஒரே வரி பதில்:
"அறிக்கையின் அட்டைக்கு இதுதான்."
சனி, ஞாயிறு இரண்டு நாளும்
அவள் யாரிடமும் கோபப்படவில்லை.

திங்கள்.
மருந்தே விடாத தட்டு.
வெள்ளியன்று பசியில் தள்ளிப்போட்ட தட்டு.
அதே செல், அதே சாயம், அதே லேசர்.
இருபதாம் நிமிடம்
பச்சை.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது
நம் பக்கத்துப் பேச்சு.
பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைப்போம்.
கட்டுகிற வீட்டுக்குப் பூசணிக்காயில் முகம் வரைவோம்.
நுண்ணோக்கியின் கீழே கிடப்பதற்கு
யார் பொட்டு வைப்பது?
ஒளியைத் தின்ற சாயம்
உள்ளே நஞ்சு கக்கியிருக்கிறது.
மருந்தல்ல அணைத்தது,
பார்வை.

மூன்றாவது தட்டு. மருந்து உண்டு.
லேசரை நூற்றில் இரண்டுக்கு இறக்கினாள்.
பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்
திருடியைப்போல் எட்டிப் பார்த்தாள்.
படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாய்ப் புழுதி.
அட்டைக்கு ஆகாது.
எதற்குமே ஆகாது என்றுதான் முதலில் தோன்றியது.
அந்தப் புழுதிக்குள்
எழுபத்து மூன்றாம் எண்காரியின் செல்கள்
ஒரு மணி நேரம் கழித்தும்
சிவப்பாகவே இருந்தன,
மருந்தைக் குடித்துவிட்டு,
சௌகரியமாய்.

ஆத்திரம் வரவேண்டிய இடத்தில்
ஒரு நொடி
அவளுக்கு வந்தது வேறு ஏதோ.
அதை ஆய்வக நோட்டில் எழுத முடியாது.
எழுதியது இவ்வளவுதான்:
"வெள்ளிக்கிழமைப் படம் செல்லாது. காரணம் நான்."
அதையே பேராசிரியருக்கும் அனுப்பினாள்.
பதில் வரும்வரை காத்திருக்கவில்லை.

குழாயடியில் கையுறையைக் கழற்றியபோது
மணிக்கட்டில், உறை முடிகிற இடத்தில்,
ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று.
மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

டிராமில் எதிரே இருந்த சிறுவன்
அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தான்.
போக்னா
சட்டைக்கையை இழுத்து விட்டுக்கொண்டாள்.